ஞாயிற்றுக்கிழமைக் கரை

நான் குடியிருக்கும் தென் ஜெர்மனி ஊரில் ஞாயிற்றுக்கிழமை கார் கழுவக் கூடாது. வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி செய்கிற சொகுசுக் காரையே எனக்கும் ஒன்று ஓட்டக் கொடுத்திருந்தார்கள். அதை வாசலில் நிறுத்தி ஆசையாசையாய்க் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெல்லர் வந்து, "இன்று ஞாயிறு" என்றார். "ஆமாம், லீவு. அதனால்தான் கழுவுகிறேன்" என்றேன். வாளியை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் போன் பண்ணிய பிறகுதான் விஷயம் விளங்கியது. சிரிப்பாய் வந்தது. தூத்துக்குடி கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இவர்கள் பாடம் எடுக்கிறார்கள்.

எங்கள் கரையில் ஞாயிறன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. காலையில் கோயிலில் பூசை, அப்புறம் கறிச்சோறு, அப்புறம் நல்ல தூக்கம். கால் வைக்க இடமில்லாமல் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். மற்ற நாட்களில் விடியும் முன்பே போய்விட்டு மத்தியானம் திரும்புவார்கள். அதுவரை கரையில் நாயும் காக்கையும்தான். இதெல்லாம் தெரிந்த கதைதானே என்று ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் சொல்வீர்கள். தெரிந்த கதைதான். அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

போன வருஷம் ஒரு மீட்டிங். இந்தியாவில் செய்யும் கார்களை நிறுத்திவைத்துக் கப்பலேற்ற, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டு வேண்டும் என்று பேச்சு. வணிகத் திட்டப் பிரிவில் பல வருஷம் கழுதையாய் உழைத்தவள் நான். அந்த யார்டுக்குத் தலைவர் பதவி எனக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். திரையில் டிரோன் எடுத்த படங்கள் ஓடின. மூன்றாவது படத்தில் எங்கள் கரை. ஓரத்தில் எங்கள் குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். அதற்கு முன்னால் வெறும் மணல். என் மேலதிகாரி டாக்டர் பிரான்ட், "அழகான காலி இடம்" என்றார்.

கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டு, காலையில் எடுத்த அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். சூசை அண்ணனுக்கு அந்தக் கரையை விட்டால் வள்ளம் ஏற்ற வேறு இடம் கிடையாது. ஒரு பக்கம் துறைமுகச் சுவர், மறுபக்கம் உப்பளம்.

"காலையில வந்து படம் புடிச்சா வள்ளம் எங்கன இருந்து வரும்? நாங்க என்ன கரையில குத்தவச்சுகிட்டா இருப்போம்?" என்றான். "ஏளா, அவனுவள ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. நிக்க எடம் இருக்கான்னு பாப்போம்."

"அவங்க வரமாட்டாங்கண்ணே. நீயே வீடியோ எடுத்து அனுப்பு."

அந்த ஞாயிறு பூசை முடிந்து எடுத்து அனுப்பினான். வள்ளத்தோடு வள்ளம் உரசிக் கிடந்தது, வலை மேல் பிள்ளைகள் புரண்டார்கள். அடுத்த மீட்டிங்கில் போட்டுக் காட்டினேன். பதவி போனால் போகட்டும் என்று ஒரு வீம்பு. டாக்டர் பிரான்ட் கவனமாகப் பார்த்தார். நல்ல மனிதர், அதுதான் பயமே.

"இது என்ன கிழமை?"

"ஞாயிறு."

"அப்படியானால் பிரச்சினை இல்லை. ஞாயிறன்று நாமும் வேலை செய்வதில்லையே."

மேசையைச் சுற்றி எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். வள்ளங்கள் தினமும் மத்தியானம் திரும்பி வரும், ராத்திரியெல்லாம் அங்கேதான் கிடக்கும் என்று படபடவென்று சொன்னேன். "இதைத்தான் எதிர்பார்த்தோம். இவ்வளவு தெரிந்த நீங்கள்தான் அவர்களிடம் பேச வேண்டும்" என்று கை கொடுத்தார். அதுதான் எனக்குப் பதவி வந்த விதம். உள்ளே இருந்தால்தான் தடுக்க முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றுவரை ஒன்றையும் தடுத்தபாடில்லை.

போன மாதம் ஊருக்குப் போனேன். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக் காரை ரோட்டில் விட்டுவிட்டு மணலில் இறங்கினேன். வள்ளங்களுக்கு நடுவே வரிசையாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்த யார்டு எல்லைக் கற்கள். எனக்கு முன்னாலேயே யாரோ வந்து நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர்களும் அதில் உண்டு. ஒருவரும் "எப்ப வந்த?" என்று கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தான். துண்டால் தட்டித் துடைத்து மணலில் போட்டான். எங்கள் வீட்டில் தாசில்தார் ஆபீஸ்காரர்களுக்குத்தான் அந்த நாற்காலி வெளியே வரும். நாங்கள் அண்ணன் தங்கை உட்காருவது எப்போதும் வள்ளத்து விளிம்பில்தான்.

"எனக்கு எதுக்குண்ணே நாற்காலி?"

"கம்பெனிக்காரவுக வந்தா போடத்தான செய்யணும்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாற்காலி சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம், கம்பெனிக்கு அளந்த பக்கம் கிடந்தது. அண்ணன் இந்தப் பக்கம் வந்து, தன் வள்ளத்தில் சாய்ந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கரையில் எல்லாரும் இருந்தார்கள். நான் எங்கே உட்காரப்போகிறேன் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.