எதிர்க்கடையிலிருந்து வந்த சாம்பார்

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் என் மூன்றாவது ஹோட்டலைத் திறந்த அன்று நடந்தது இது.

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே சமைத்து, நீதிமன்ற ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பத்து வருடத்தில் இரண்டு ஹோட்டல்கள். இரண்டிலும் நல்ல கூட்டம். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நான் பிடித்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை ஏற்கெனவே இருந்தது. என் கணவர் தயங்கினார். "நம்ம கை ருசிக்கு முன்னால யாரு நிப்பா?" என்றேன். எதிர்க்கடைக்காரரிடம் மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்புதான் சொதி; எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற விருந்து அது. சாம்பாரே வேண்டாம், சொதி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். கடைசி நேரத்தில் பரபரப்பு வேண்டாமென்று தேங்காய்ப்பாலை விடியற்காலையிலேயே பிழிந்து வைக்கச் சொன்னேன்.

"இப்ப வெயிலு கொளுத்துற நாளு அக்கா. பாலு புளிச்சிரும். பதினோரு மணிக்குப் பிழிஞ்சா போதும்" என்றார் சமையல் மாஸ்டர். நான் கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. இலை போட்டு, இஞ்சித் துவையலும் வைத்தாகிவிட்டது. சொதியை ருசி பார்த்த மாஸ்டர் கரண்டியை என்னிடம் நீட்டினார். நாக்கில் பட்டதுமே பால் புளித்துப்போனது தெரிந்துவிட்டது. சீனி போட்டுச் சமாளிக்கலாம் என்றார் உதவிச் சமையல்காரர் ஒருவர். இரண்டு அண்டாவையும் கொட்டச் சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தேன்.

"சொதி கெட்டுப்போச்சு. தப்பு என்னுதுதான். அரை மணி நேரம் பொறுத்துக்கிடுங்க, வேற வச்சுத் தாறேன்."

நாலைந்து பேர் எழுந்து நேரே எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர்கள் சொல்லித்தான் விஷயம் அங்கே தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடை அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு சாம்பார் அண்டாவைத் தூக்கி வந்தார்கள்.

"பைய இறக்குங்கலே" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இலை போட்ட பொறவு ஆளை எழுப்பக் கூடாது தங்கச்சி. பரிமாறச் சொல்லுங்க."

"உங்க கடைக்கு வாறவங்களுக்கு?"

"அங்கன ரசம் இருக்கு, மோர் இருக்கு. எங்க ஆளுக எங்கிட்ட கோவிச்சுக்கிட மாட்டாக."

அது யார் வைத்த சாம்பார் என்று ஒவ்வொரு வரிசையிலும் சொல்லிச் சொல்லி நானே பரிமாறினேன். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் மற்ற இரண்டு ஹோட்டல் சாம்பாரைவிட அது நன்றாகவே இருந்தது.

மாலையில் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்து காப்பி குடித்தேன். அண்ணாச்சி பகலில் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை; எந்தத் தோட்டத்து வாழையிலை கிழியாமல் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று களக்காடு வரை எனக்கு ஐந்து ஹோட்டல்கள். புதிதாக ஓர் ஊருக்குப் போனால், அங்கே ஏற்கெனவே கடை நடத்துகிறவர்களைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறேன். என் சமையல்மேல் எனக்குள்ள நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் என் கடைக்கு முதல் நல்ல பெயரை வாங்கிக் கொடுத்தது இன்னொருவர் சமையல் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது.