மந்தைவெளியில் காதுக்குள் புகுந்த ஓந்தோபேகஸ்

சாணி வண்டு தேடித்தான் போன அக்டோபரில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை மயிலாப்பூர் போனேன். அசோக் நகரில் என் வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குச்சியும் கையுமாகச் சாணியைக் கிளறியதுதான் மிச்சம். (பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!)

நான் தேடியது ஓந்தோபேகஸ் என்ற பேரினம். ஸ்கேரபெய்டே குடும்பம், உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். இவை சாணியை உருட்டிக்கொண்டு போவதில்லை. அதன் அடியிலேயே மண்ணைத் தோண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கென்றே முன்கால்களில் ரம்பம் போலப் பற்கள்.

இருட்டத் தொடங்கியதும், அடையாறில் ஒரு வேலை இருந்ததால் அங்கே போக ஆட்டோ ஏறினேன். ஓட்டியவர் கரீம் பாய், திருவல்லிக்கேணிக்காரர். மந்தைவெளியில் ஒரு மாட்டுக் கொட்டகையைத் தாண்டினோம். திடீரென்று அவர் அலறிக்கொண்டு காதைப் பொத்தினார். வண்டி எதிரே வந்த பஸ்ஸை நோக்கிப் பாய்ந்தது. எப்படித் திருப்பினாரோ, நடைபாதையில் இடித்து நின்றது.

"இன்னாமோ காதுல பூந்துச்சும்மா! உள்ள தோண்டிக்கினு கீது!"

தோண்டிக்கினு கீது. அந்தக் கால்கள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியுமே! அவரோ வண்டிச் சாவியைக் காதுக்குள் விடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் பாய், இன்னும் உள்ள போயிடும். டாக்டர்கிட்ட போயிடலாம்."

வேறு ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். வழி முழுக்க பாய் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். மருத்துவர் எண்ணெய் விட்டார். அசைவு அடங்கியதும் இடுக்கியால் அதை வெளியே எடுத்தார். "லேசான கீறல்தான். ஜவ்வுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்.

பஞ்சின் மேல் கிடந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உடல், முன்காலில் நான்கு பற்கள், தலையில் வளைந்த கொம்பு. ஓந்தோபேகஸ், அதுவும் ஆண். பாய் லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"கொம்பு வேற கீதா இதுக்கு!"

மழைக்காலச் சாயங்காலத்தில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகிறவர்கள் காதைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பூச்சி புகுந்தால் குச்சி, ஊசி எதையும் விடாதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள்.

வண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நான் படம் எடுப்பதற்குள் பாய் அதைப் பஞ்சோடு சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வூட்ல நம்ப மாட்டாங்கம்மா."

இந்தப் பதிவில் படம் இல்லாததற்கு அதுதான் காரணம்.