இரண்டு வெற்றிலை தூரத்தில் பம்பாய்

விமானத் தபால் புதிதாக வந்த காலம். அன்று ஆவடி ரயிலடியில் நான், பம்பாய்க்குக் கிளம்பிய என் மச்சான், பருத்திப்பட்டு விவசாயி ஒருவர், ஆக மூன்றே பேர். விவசாயிக்குக் காவியேறிய பல், முழங்காலுக்கு மேல் வேட்டி. எந்தத் தூரத்தையும் அவர் எத்தனை தடவை வெற்றிலை போடலாம் என்றுதான் அளப்பார். பம்பாய் மில்லில் இருக்கும் மகனுக்கு மஞ்சள் காமாலையாம். மருந்துப் பொட்டலத்தை மச்சானிடம் கொடுத்திருந்தார்.

"ரயிலுக்கு ரெண்டு நாளாவும் அண்ணாத்தே. ஏரோப்ளேன் தபாலு காலைல கெளம்பினா மத்தியானமே பூடும்," என்றேன்.

"அப்ப ரெண்டே வெத்தல!" என்று பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மச்சானோடு ரயில் போய்விட்டது.

தபாலாபீசில் விசாரித்தோம். விமானம் வாரத்துக்கு ஒருநாள்தானாம், நேற்றே பறந்துவிட்டதாம். அன்றைய ரயில் தபால் பையும் கட்டியாயிற்று.

"இப்ப எத்தினி வெத்தல, நைனா?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். வெற்றிலைப் பையை அவிழ்த்தவர், போடாமலே முடிந்துகொண்டார்.

பிள்ளை தேறினானா என்று கேட்கப் பயந்து, இன்றுவரை நான் பருத்திப்பட்டு வழியாகவே போவதில்லை.