தலையைக் காட்டிவிட்டு வந்தவர்

உலகம் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் மாமாவின் கையில்தான் இருக்கிறது. அவர் ஒரு நாள் லீவு போட்டால், பதினெட்டாம் மாடிக்காரர்கள் அங்கேயே குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட வேண்டியதுதான். புவியீர்ப்பு விசை வேலையில் சேருமுன் இவரிடம்தான் தொழில் பழகியதாகக் கேள்வி.

மாமா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு முன்னறையில் ஜாகை. உலகத்திலேயே அவருக்குப் பிடித்த இடம் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழி. அங்கே யாரும் வந்து, "அப்புறம், வேற என்ன விசேஷம்?" என்று கேட்பதில்லை.

ஒரு நாள் அடுக்குமாடி ஒன்றில் சின்னப் பெண் ஒருத்தி, லிஃப்ட் கதவு திறக்கும்போது வரும் 'டிங்' சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள். அவளுக்கு ஆட்டிசம் என்று தாய்க்காரி மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். மாமா டிங்கின் ஒயரைக் கழற்றிவிட்டார். அந்தச் சத்தம் அவருக்கும் பல்லைக் கூசவைக்கும். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்போ நான் யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாரித்து, பெரியவர்களையும் பரிசோதித்துச் சொல்லும் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தார். சின்ன வயதில் அவரைப் பார்த்தவர் ஒருவர் கூட வரவேண்டுமாம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவரை வளர்த்தது அக்கா. அவள் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால்தான் உண்டு.

அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். 'என் வளர்ப்பில் என்ன குறை கண்டாய்' என்று அந்த முகத்துக்கு அர்த்தம். அதை மாமாவுக்கு மொழிபெயர்த்தவள் அக்காவின் மகள் வாலு. "வயிறு எரியுது மாமா" என்று எவனைப் பார்த்தோ பொறாமையில் சொல்லிவிட்டு, அவர் மோர் எடுத்துக்கொண்டு ஓடிவருவதை ரசிக்கிற ஜென்மம். இதை எழுதுவதும் அவள்தான். எழுத்துப் பிழைகளுக்கும் அவளே பொறுப்பு.

கடைசியில் அக்கா வந்தாள், ஒட்டிக்கொண்டு வாலுவும். அக்கா வந்தும் பிரயோஜனமில்லை. டாக்டரம்மா எதைக் கேட்டாலும் மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுப்பதுபோலவே பதில். எல்லாரோடும் விளையாடினான், கலகலப்பாகப் பேசினான், எந்தச் சத்தத்துக்கும் பயந்ததில்லை. மாமா நகக்கண்ணில் இருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வீடு திரும்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பேச்சுக்குச் சொல்றதை அப்படியே எடுத்துக்குவாரா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க."

"அக்கா, அந்தக் கல்யாணம்" என்றார் மாமா மெதுவாக.

அக்கா உதட்டைக் கடித்தாள். அடங்கவில்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் காய்ச்சல் என்று, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பியை அனுப்பினாளாம், சும்மா தலையைக் காட்டிட்டு வந்துடு என்று. போனவன் மண்டப வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். யாருமே பார்க்கலையாமேடா என்று திட்டியதும், மறுபடி போய், பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பிப் பார்க்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றான்.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். ஆனால் அக்காவின் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பிறகு எல்லாம் வந்தது. மணி அடித்தால் பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்தது, யார் கேள்வி கேட்டாலும் அவனுக்காக அவளே பதில் சொன்னது, கழுத்தில் குத்துகிறது என்று புதுச்சட்டையைக் கழற்றி எறிந்தது.

"திட்டித் திட்டியே வளர்த்துட்டேன்டா."

"சட்டை லேபிளை நீதான் வெட்டிக் குடுத்தே" என்றார் மாமா. "எல்லாச் சட்டையிலயும். வேற யாரும் வெட்டலை."

இன்னொரு தடவை வரவேண்டும், ஆனால் உங்கள் சந்தேகம் சரியென்றுதான் படுகிறது என்றார் டாக்டரம்மா. மாமா தலையாட்டினார். தோள் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கின.

பஸ் நிறுத்தத்தில் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு தள்ளி நின்றாள். மாமா வாலுவைப் பார்த்தார்.

"நீ எதுக்கு வந்தே?"

வாலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஸ்கூலுக்குக் கட் அடிக்கத்தான். வேற எதுக்கு?"

மாமா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றார்.