நான் உள்ளே இருந்தால் படிக்காத சிப்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

சண்டையெல்லாம் இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் இருந்தால் அவர்களுடைய வீடியோ கேம் பெட்டியின் சிப் ஒழுங்காகப் படிக்க வரவில்லையாம்!

சிரிக்காதீர்கள். இரண்டு பேருமே ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்கள்.

தம்பி முரளியும் அவன் மனைவி ஸ்வப்னாவும் ஹப்சிகுடாவில் குடியிருக்கிறார்கள். முரளியிடம் ஒரு பழைய கேம் பெட்டி உண்டு. அதைப் பிரித்து, கம்பெனிக்காரன் தடுத்து வைத்ததையெல்லாம் செய்கிற மாதிரி மாற்றி வைத்திருந்தான். அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு பேட்ஸ்மேனை உருவாக்கி, சந்து கிரிக்கெட்டிலிருந்து தேசிய அணி வரைக்கும் வளர்த்திருந்தார்கள். ஸ்வப்னாவின் ஆளுக்குப் பெயர் லக்ஷ்மி. இறுதிப் போட்டி மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து முரளி, அவளிடம் சொல்லாமல், பெட்டிக்குள் புதிதாக ஏதோ ஏற்றியிருக்கிறான். திரை இருண்டது. லக்ஷ்மி போயே போய்விட்டாள். அன்றிலிருந்து ஸ்வப்னா அவனோடு பேசவில்லை. எல்லாம் நாத்தனாரான என் வழியாகத்தான்; அவளுக்கு நான் வதினா.

"வதினா, உங்க தம்பிக்குச் சொல்லுங்க. லக்ஷ்மி திரும்பி வரலேன்னா நான் விஜயவாடா போறேன். அம்மா வீட்டுக்கு."

"ஹவ், ஆமா, என் தப்புதான். சரி பண்றேன்னு சொல்லுக்கா" என்றான் முரளி. முகம் வெளிறிக் கிடந்தது.

வைத்தியம் இதுதான். பெட்டியின் ஃப்ளாஷ் மெமரி சிப்பில் ஒயர்களைப் பற்றவைத்து, ரீடர் என்ற குட்டிக் கருவி மூலம் உள்ளே இருப்பதையெல்லாம் லேப்டாப்பில் நகல் எடுக்க வேண்டும். ஒன்று போதாது, இரண்டு. இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். அப்புறம்தான் கோளாறைத் திருத்தி, திரும்ப எழுதலாம். தப்பான நகலை எழுதிவிட்டால்... லக்ஷ்மிக்கு முடிவுரைதான்.

ஒத்துப்போகவே இல்லை. ஒயரைக் குட்டையாக்கினான். மறுபடி பற்றவைத்தான். கேபிளை மாற்றினான். ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு கதை சொன்னது.

நான் பால் வாங்கப் போனேன். ஒத்துப்போனது! நான் திரும்பி வந்ததும், உறுதிக்காக இன்னொன்று எடுத்தான். ஒத்துப்போகவில்லை. போன் பேச மாடிப்படிக்குப் போனேன் — சரியாக வந்தது. உள்ளே வந்தேன் — போச்சு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதே. கொஞ்சம் கீழே போய் நிக்கிறியா?"

"கைக்கு? எதுக்குடா?"

"ஒரு பேட்டர்ன் தெரியுது."

நம் தெருவில் ராசி என்று சொல்வதற்கு மாதாப்பூரில் பேட்டர்ன் என்று பெயர் போலிருக்கிறது.

கீழே போவதற்கு முன் சோதனைகள் நடந்தன. வளையலைக் கழற்றினேன். செல்போனை அணைத்தேன். வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று கொக்கு மாதிரி நின்றேன். எதிர் வீட்டுக்காரர் "க்யா ஹுவா மேடம்?" என்று கேட்டார். நான் காலை மாற்றி நின்றுகொண்டேன்.

உண்மையைச் சொன்னால், நானே நம்பத் தொடங்கியிருந்தேன். நான் போன கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றது, நான் ஏறிய லிஃப்ட் நடுவில் மாட்டியது... ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"அய்யோ வதினா, வேர்த்துப் போயிட்டீங்க" என்று ஸ்வப்னா என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்து, ஏர் கூலரைப் போட்டாள். அது லாரி மாதிரி உறுமியது. முரளி ஏதோ சொன்னான், காதில் விழவில்லை.

"முதல்ல அந்தச் சனியனை நிறுத்து!" என்று கத்தினேன். நிறுத்தினாள்.

அப்போது எடுத்த நகல் — ஒத்துப்போனது. நான் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே!

முரளி குனிந்து பார்த்தான். கூலரும் லேப்டாப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். நான் உள்ளே வரும்போதெல்லாம் பாசத்தோடு கூலரைப் போட்டிருக்கிறாள், போனதும் கரண்ட் வீணாகாமல் நிறுத்தியிருக்கிறாள். மோட்டார் ஓடினால் மின்சாரம் தடுமாறும், ரீடர் உளறும். அவ்வளவுதான்.

"முரளீ! மேட்ச் ஆயிடுச்சு!" என்றாள் ஸ்வப்னா. அந்த வாரத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவன் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

ஏதாவது கெட்டுப்போனால் நாம் ஏன் முதலில் ஆளைத் தேடுகிறோம்? பிளக்கைக் கடைசியில்தான் பார்க்கிறோம்.

சரி செய்து எழுதினான். திரை ஒளிர்ந்தது. லக்ஷ்மி மட்டையோடு நின்றாள்! உடனே இறுதிப் போட்டி. வெற்றிக்குக் கொஞ்சம் ரன்தான் வேண்டும். லக்ஷ்மி அடித்துவிட்டு ஓடினாள். எதிர்முனையில் முரளி, "நக்கோ, நக்கோ! வராதே!" என்று அலறினான். அவள் பாதி பிட்ச்சில்.

ரன் அவுட்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்களே சொல்லுங்க, யார் மேலே தப்பு?"

எல்லா விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து இருப்பதாக இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. புருஷன் பெண்டாட்டி ரன் அவுட்டில் சத்தியமாக எனக்குக் கருத்தே கிடையாது!