பால் வேன்கள் பேசிக்கொள்ளும் சாலை

தோழி நித்யா ஆராய்ச்சி மாணவி. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பால் கொண்டுவரும் நான்கு வேன்களில் சிறு வயர்லெஸ் பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறாள். இணையம் தேவையில்லை. முன்னால் போகும் வேன் நின்றால் பின்னால் வரும் வேனுக்கு நேரடியாகச் சொல்லிவிடும். ஒரு கிலோமீட்டர்வரை எட்டுமாம். வண்டிகள் என்னதான் பேசிக்கொள்ளும்? பார்க்கக் கிளம்பினேன். ஆடி வெள்ளி.

காலை ஆறரைக்கு உசிலம்பட்டி. மதுரைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுநர் பாண்டி அண்ணன், நடுவில் நித்யா, ஜன்னலோரம் நான். பின்னால் பால் கேன்கள். வேனில் குளிர்வசதி கிடையாது. வெயில் ஏறுமுன் குளிரூட்டும் நிலையத்தில் இறக்கியாக வேண்டும்.

செக்கானூரணி தாண்டியும் பெட்டியில் பச்சை விளக்கு. நாகமலை புதுக்கோட்டையில் சிவப்பு. முன்னால் போன மூன்று வேன்களும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றன.

"நெசமாவா தங்கச்சி?"

"மூணு வண்டியும் சொல்லுதுண்ணே."

"அப்பச் சரி." அடைப்பைச் சுற்றிப் போகலாமென்று கீழக்குயில்குடிப் பாதையில் திருப்பிவிட்டார்.

ஊருக்குள் சாலையின் இருபுறமும் பொங்கல் பானைகள். புகை, கொட்டு, கூட்டம். பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றதால் திரும்பவும் வழியில்லை. பெட்டியில் பச்சை எரிந்தது. இந்தப் பாதையில் பெட்டி வைத்த வண்டி வேறில்லை, சொல்ல ஆளில்லை. முக்கால் மணி நேரம். ஊரை ஒட்டிய சமணர் மலை அழகாகத்தான் இருந்தது. ரசிக்க முடியவில்லை.

குளிரூட்டும் நிலையத்தில் மற்ற ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் புதுத் திருநீறு.

"எங்க மாப்ள போன?" என்றார் ஒருவர்.

"ரோட்டுல என்னடா அடைப்பு?"

"அடைப்பா? கருப்பசாமிக்குச் சூடம் காட்டினோம். நீயும் வருவேன்னு வேற எம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம்!"

நித்யா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்த்ததில் இரண்டு கேன் பால் திரிந்திருந்தது. இரண்டும் உசிலம்பட்டியில் இந்த வேனுக்குப் பால் ஊற்றும் பேச்சியக்கா வீட்டுப் பால். பாண்டி அண்ணன் அவரை அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சாமி கும்பிட நின்னது அவுக, திரிஞ்சது எம் பாலா? நாளைக்கு உன் வண்டியில ஏத்தவா, வேற வண்டி பாக்கவா?"

"ஏத்துக்கா. பொட்டி என்ன சொன்னாலும் நேராத்தான் வாரேன்."

கோயிலில் நிறுத்தும்போது அழுத்த ஒரு பொத்தான் வைத்துத்தருவதாக நித்யா சொன்னாள். பாண்டி அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: சமணர் மலைக்கு ஆடி வெள்ளி வேண்டாம், வேறு நாள் போங்கள். பால் வேனில் ஏறினால் அவசரம் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

வேன்கள் நின்றதாகப் பெட்டி சொன்னது பொய்யில்லை. ஏன் நின்றன என்பது அதற்குத் தெரியாது. என்றாவது சாலை உண்மையாகவே அடைபட்டுச் சிவப்பு எரியும். அன்று பாண்டி அண்ணன் நேராகத்தான் போவார்.