வான்கோழிக்கென்று தெரிந்தெடுத்த தோட்டா

கனடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் தாங்கள் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு பெட்டியைக் கப்பலில் போட்டுவிடுவார்கள். விமானத்தில் கொண்டுவர ஏலாத பாரமெல்லாம் அதற்குள் வரும். சவர்க்காரம், பால்மா, கோப்பித்தூள், யாருக்கும் அளவில்லாத சப்பாத்துகள். உடைகிற சாமான்களைப் பழைய உடுப்பில் சுற்றி நடுவில் வைப்பார்கள். பெட்டி வந்து சேர்ந்தால் ஆள் வருவது நிச்சயம் என்று புங்குடுதீவில் எல்லோருக்கும் தெரியும். மடத்துவெளியில் எங்கள் வாசலில் அந்தப் பெட்டியை இறக்கிய அன்று, லொறிக்காரன் முன்னால் நிற்கிறான் என்றும் பாராமல் நான் அழுதேன். என் தம்பி பதினெட்டு வயதில் போனவன், ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை, எனக்குப் பிள்ளைகளும் இல்லை. என் இரத்தம் என்று சொல்ல மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். திருவிழாவுக்கு வருகிறேன் என்று விமானத்துக்கு ரிக்கற் போட்டுவிட்டான்.

பெட்டியை நானும் இவரும் விறாந்தையில் வைத்துப் பிரித்தோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம். நடுவில் ஒரு கண்ணாடிச் சட்டி இருந்தது. அதைச் சுற்றியிருந்த கோட்டை விரித்ததும் இவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். பட்டப்பகல் பதினொரு மணி. கோட்டு முழுக்கப் பச்சையும் மண்ணிறமுமாக இலையும் மரப்பட்டையும் அச்சடித்திருந்தது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் பறவையின் கண்ணில் படாமலிருக்கப் போடுவது. இங்கே அந்த மாதிரித் துணி ஆமிக்காரர் மட்டும் போடுவது, மற்றவர்கள் வீட்டில் அது கிடந்தால் கேள்வி வரும். முப்பது வருடம் பனியில் இருந்தவனுக்கு இது மறந்துபோய்விட்டது.

இவர் அதை உடனே குசினி அடுப்பில் வைத்து எரித்துவிடுவோம் என்றார். நானும் ஓம் என்றேன். ஆனால் எதையும் தோய்க்கும் முன்னர் பொக்கெற்றுக்குள் கைவிட்டுப் பார்ப்பது என் பழக்கம். எரிக்கப் போகிற கோட்டிலும் கை தானாகப் போயிற்று. உள்பொக்கெற்றில் பெருவிரல் தடிப்பில் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். பச்சைப் பிளாஸ்டிக், அடியில் பித்தளை, சின்னச் சாமானுக்குப் பொருந்தாத பாரம். எங்கள் வயதுக்காரருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேட்டைத் துவக்குத் தோட்டா, சுடாதது. கைவிட்டுப் பார்க்காமல் அடுப்பில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்!

இவர் கதிரையில் இருந்துவிட்டார். ஒரு தோட்டாவை வீட்டில் வைத்திருந்ததற்கு மறியலில் அடைபட்டுக் கிடந்தவர்களை நாங்கள் இரண்டு பேருமே அறிவோம். அதை ஒரு தகரப் பேணிக்குள் அரிசி போட்டு அதற்குள் தாட்டேன். ஏன் அரிசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னேரம் தம்பிக்கு வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தேன். அவனுக்கு அப்போது விடியற்காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றான். தோட்டாவை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். அவன் சிரித்தான்.

"அட, அது அங்கையோ கிடக்கு? நான் இவ்வளவு நாளும் தேடினனான் அக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்தது போன் என்பதால் அவன் தப்பினான்.

அவன் வான்கோழி வேட்டைக்குப் போவது எனக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு வருடமும் பனி கரைந்ததும் படம் அனுப்புவான். கடையில் கோழி விற்கவில்லையா, இல்லை, உன் மனிசி சமைத்துத் தருவதில்லையா என்று நானும் பகிடி பண்ணுவேன். அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை. அன்றைக்கு நான் விசாரிக்காமலே அவன் சொன்னான். அந்தத் தோட்டாவைத் தெரிந்தெடுக்கத் தனக்கு ஒரு மாதம் பிடித்தது என்றான். வான்கோழியின் செட்டையும் இறகும் தடிப்பு, உடம்பில் சுட்டால் தோட்டாவிலிருந்து சிதறுகிற சின்னக் குண்டுகளான சன்னம் உள்ளே போய் நின்றுவிடும், பறவை உடனே சாகாது, பற்றைக்குள் ஓடிப்போய்க் கிடந்து நாட்கணக்கில் சாகும். ஆகவே தலையிலும் கழுத்திலும்தான் சுட வேண்டும். அதுவோ ஒரு கைப்பிடி அகலம்கூட இல்லை. ஈயச் சன்னம் பெரிதாக இருந்தால் தோட்டாவுக்குள் கொஞ்சம்தான் அடங்கும், தலைக்கு ஒன்று படலாம், படாமலும் போகலாம். சின்ன ஈயமென்றால் தூரம் போகப் போக வலுவிழந்துவிடும். இரும்பு இன்னும் லேசு. இதற்குள் இருப்பது டங்ஸ்டன் என்ற உலோகம், ஈயத்தைவிடப் பாரம், ஆகவே கடுகளவில் செய்தாலும் எலும்புவரை போகும், நூற்றுக்கணக்கில் அடங்கும்.

அதையும் அப்படியே நம்பிவிடவில்லையாம். ஒரே தோட்டா ஒவ்வொரு துவக்கிலும் ஒவ்வொரு விதமாகப் பரவுமாம். பெரிய கடதாசியில் வான்கோழித் தலையைப் படமாகக் கீறி, முப்பது அடிவைப்புத் தூரத்தில் நட்டு, வேறு வேறு தோட்டாவாகச் சுட்டு, தலைக்குள் எத்தனை ஓட்டை என்று பென்சிலால் எண்ணியிருக்கிறான். நாற்பதுக்கு அங்கால் பறவை நின்றால், பெட்டியில் என்னதான் எழுதியிருந்தாலும், துவக்கைத் தூக்கவே மாட்டானாம். பறவை அசையாமல் தலையை நிமிர்த்தும்வரை காத்திருப்பானாம். இரண்டு வருடம் ஒன்றும் சுடாமல் வெறுங்கையோடு வந்திருக்கிறான்.

"ஒரே வெடி அக்கா. அது விழேக்கை தனக்கு என்ன நடந்ததெண்டே அதுக்குத் தெரியக்கூடாது."

பக்கத்தில் இவர் வியர்த்துப்போய் இருக்கிறார், மடியில் அரிசிப் பேணி இருக்கிறது, இவன் பறவைக்கு நோகாமல் சுடுவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். நான் பொறுக்கவில்லை. கோழிக்கு நோகும் என்று ஒரு மாதம் யோசித்த உனக்கு, இந்தச் சாமான் என் வீட்டுக்கு வந்தால் அத்தானுக்கு என்னவாகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க முடியவில்லையா என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், எழுதக்கூடாத மாதிரியும் கேட்டேன்.

அவன் முகம் சுருங்கியது. பிறகு சொன்னான்: "அப்பா ஒன்பது நாள் கிடந்தவர் அக்கா."

ஊரை விட்டு ஓடிய வருடம், வழியில் அப்பாவின் வயிற்றில் வெடித்த செல்லின் பீஸ் ஒன்று பட்டது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் போட்டிருந்தோம். மருந்தில்லை. நான் அம்மாவோடு தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றேன். ஒன்பது நாளும் பக்கத்திலிருந்து மட்டையால் விசிறியவன் இவன், அப்போது பதினைந்து வயது. அவர் என்ன சொன்னார், எப்படிக் கத்தினார் என்று நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. துவக்கே வேண்டாம் என்று இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் தோட்டா அரிசிக்குள் கிடந்தது. அதை எங்கே தொலைப்பது என்று நானும் கணக்குப் பார்த்தேன். கிணறு என்றால் குடிக்கிற தண்ணீர். வளவில் தாட்டால் நாளைக்கு யாரோ வேலி போடக் கிண்டுவார்கள். கடலில் என்றால் கரைவலைக்காரனின் கையில் வரும். தண்ணீருக்குள் கிடந்து பழுதாகிவிடுமா என்று தம்பியிடம் கேட்டேன். இது ஈரம் போகாத மாதிரி அடைத்த தோட்டா, வருடக்கணக்கில் பழுதாகாது, அதற்காகத்தான் இதை எடுத்தேன் என்றான். மழையில் நனைந்து வலுவில்லாமல் வெடித்தால் பறவைதான் பாடுபடுமாம்.

ஊரின் அரசாங்க அலுவலரான விதானையிடம் சொல்லிவிடுவோம் என்று இவர் பிடிவாதமாக நின்றார். எனக்கு விருப்பமில்லை. சொன்னால் அனுப்பியவன் பெயரைக் கேட்பார்கள். பெயரைக் கொடுத்தால் அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது என்னவாகும்? யாரும் பார்க்காமல் எங்கேயாவது எறிந்துவிட்டு, வருகிறவனைச் சந்தோசமாகக் கூப்பிடலாம் என்று இவருடன் சண்டை பிடித்தேன். இரண்டாம் நாள் தம்பியே சொன்னான்: "அது என்ர தோட்டா. என்ர பேரைக் குடுங்கோ. அத்தானை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

விதானையார் எங்கள் ஊரில் இப்போது ஒரு இளம்பெண். அவளையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். எதற்குத் தோட்டா என்று கேட்டார். வான்கோழிக்கு என்றேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பெயர் கேட்டார்கள். நான் தம்பியின் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாத பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். இவருக்கு ஒரு பிரச்சினையும் வராது என்றார்கள், வரவும் இல்லை. அனுப்பியவர் நாட்டுக்கு வந்தால் அவரும் வந்து வாக்குமூலம் தர வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று அறிய யாழ்ப்பாணத்தில் ஒரு லோயரிடம் போனேன். ஒன்றும் நடக்காமலும் போகலாம், பிடித்து வைக்கவும் செய்யலாம், வழக்கென்றால் வருடக்கணக்கில் இழுபடும், தன்னால் உறுதி சொல்ல ஏலாது என்றார். தம்பி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டான். நான் பொறு, விசாரிக்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறும் பொறு என்றேன். அவனுக்கென்று வெள்ளையடித்த அறையைத் தினமும் கூட்டினேன். உள்ளுக்குள் எனக்கு விடை தெரியும். இவரைக் காப்பாற்ற அவன் பெயரைச் சொன்னவள் நான், வராதே என்று சொல்கிறவளாகவும் நானே இருக்க எனக்கு மனம் வரவில்லை. சனம் என்ன சொல்லும் என்பதல்ல, எனக்கு அவனைப் பார்க்க வேண்டும். ஒரு தரம் இந்த வாசலில் அவன் சப்பாத்தைக் கழற்றுவதைப் பார்க்க வேண்டும்.

திருவிழாக் கொடி ஏறுவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது அவன் கோல் எடுத்தான். அன்றைக்கு வீடியோ போடவில்லை, குரல் மட்டும்.

"அக்கா, வரலாமெண்டால் வரலாமெண்டு சொல்லுங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. இப்பிடி இழுக்காதேங்கோ. எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு."

இவர் விறாந்தையில் பேப்பர் பார்ப்பதுபோல் இருந்தார். ஒரு தாளும் திரும்பவில்லை. பொறு என்ற சொல் மறுபடியும் என் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"வராதை," என்றேன்.

"சரியக்கா," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. நன்றி சொல்கிறவன் மாதிரி இருந்தது.